மறு: வீட்டு ஈக்விட்டி – ‘கடன்போக மதிப்பு’ சரிவருமா?

> ‘வீட்டுப் பங்கு’ என்றே வைத்துக்கொள்ளலாமே தம்பி. சுருக்கமாகவும் இருக்கிறது.

வணக்கம் அண்ணே,

வீட்டின் இன்றைய விலையில் பேங்க் கடன் பாக்கியைக் கழித்தால் மிஞ்சுவதுதானே ஈக்விட்டி; அதற்குத்தான் நம் சொற்பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயர் தேடுகிறோம். ‘வீட்டுப் பங்கு’ சுருக்கம்தான். ஆனால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ‘பங்கு’ என்றால் பெரியவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். ரப்பர் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், அவற்றைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்குவதற்காக அப்போதைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பங்கு அது. ‘வீட்டுப் பங்கு’ என்று சொன்னால், அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்கிறார்களா என்றுதான் கேட்பார்கள்.

‘கடன்போக மதிப்பு’ என்பது என் பரிந்துரை. செலவு போக மிச்சம், பிடித்தம் போகச் சம்பளம் என்று நாம் தினமும் சொல்லும் ‘போக’தான் இது. எதிலிருந்து எதைக் கழிப்பது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘நிகர மதிப்பு’ வேண்டாம்; அது ஒருவருடைய மொத்தச் சொத்துக் கணக்குக்கே வழங்கட்டும்.

ஆனால் இந்த ஒரு சொல் மட்டும் போதாது. தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) ஒரு வரிசை வீடு, இன்றைய விலை 250,000 வெள்ளி (ரிங்கிட்), பேங்க் பாக்கி 90,000 என்று வையுங்கள். கடன்போக மதிப்பு 160,000. உடனே, ‘வாடகைக்கு விட இன்னொரு வீடு வாங்க 160,000 இருக்கிறது’ என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனால் அவ்வளவும் கைக்கு வராது. வீட்டு விலையில் 80 விழுக்காட்டைப் பேங்க் கடனாகத் தர ஒத்துக்கொண்டால் 200,000. பழைய பாக்கியை அடைத்தால் மிஞ்சுவது 110,000. அதிலும் வக்கீல் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், கடன் ஒப்பந்தத்துக்கு அரை விழுக்காடு முத்திரைத் தீர்வை, அதாவது 1,000 வெள்ளி, எல்லாம் போகும்.

ஆகவே இப்படிப் பழைய கடனை அடைத்துப் புதுக் கடன் எடுக்கும் ரீபைனான்ஸுக்கு ‘மறுகடன்’, அதில் கைக்கு வரும் தொகைக்கு ‘மேல்கடன்’ என்று தனித்தனியாக வைப்போம். முன்பு ஒருவர் எழுதிய ‘வீட்டுச் சேமிப்பு எடுப்பு’ கூடவே கூடாது. ஊழியர் சேமநிதியில் (EPF) எடுப்பது நம் பணம், திருப்பிக் கட்ட வேண்டாம். இது அப்படியில்லை. குடியிருக்கும் வீட்டின் பட்டாவை ஈடாக வைத்துத்தான் அடுத்த வீட்டுக்கு முன்பணம் போடுகிறோம். குடிவந்தவர் காலி செய்து வீடு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தாலும், இரண்டு வீட்டுத் தவணையும் மாதாமாதம் கட்டியாக வேண்டும். அந்தப் பணத்துக்கு வைக்கும் பெயரில் ‘கடன்’ தெரிந்தே ஆக வேண்டும்; இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம், ‘வாடகை வீடு’ என்று எழுதினால் நாம் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் வீடு என்று ஆகிவிடும். ‘வாடகைக்கு விடும் வீடு’ என்று நீட்டியே எழுதுவோம்.

ஒன்றே ஒன்று பாக்கி. பழைய பேங்கிலேயே கூடுதலாக எடுப்பதும் உண்டு, வேறு பேங்குக்கு மாறி எடுப்பதும் உண்டு. ‘மேல்கடன்’ இரண்டுக்கும் பொருந்துமா? பேங்கில் வேலை செய்யும் அக்கா சொன்னால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.