ஊருக்குப் போய் வந்தேன்: கோபுர நிதிக்கு முன்னால் காணி உறுதி

அன்பான ஊர் உறவுகளுக்கு,

பெங்களூரிலிருந்து வணக்கம். நான் ஊருக்குப் போய் வந்த செய்தி பலருக்கு ஏற்கெனவே எட்டிவிட்டது. படம் கேட்டவர்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதம் படத்தில் வராத ஒரு விஷயத்தைப் பற்றியது: ஊரில் பூட்டிக் கிடக்கும் நம் காணிகள். கொஞ்சம் நீளும். நம்மூர்ப் பிள்ளையார் கோயிலின் கோபுர நிதிக்குப் பணம் அனுப்ப இருப்பவர்கள் அதற்கு முன்னால் படித்துவிட்டால் நல்லது.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்டிருந்தீர்கள். பெங்களூரிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு நேரடி விமானம் இல்லை. இரவு ரயிலில் சென்னை, அங்கிருந்து சின்ன ஏடிஆர் விமானம். 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கிய சேவை. நம் பெரியவர்களுக்கு இது புதினமில்லை. 1947இல் ஏர் சிலோனின் முதல் பறப்பே இரத்மலானையில் ஏறி, நம்மூர்ப் பக்கம் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. பெரியப்பா டொராண்டோவிலிருந்து கொழும்பில் இறங்கி யாழ்தேவி ரயிலில் வந்தார். 1990இல் நின்ற ரயில், 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரைக்கும் திரும்பி வந்தது. தண்டவாளம் போட்டது இந்திய ரயில்வே நிறுவனம் என்று யாரோ சொன்னதும், பெட்டியின் குலுக்கலுக்கும் என்னையே பொறுப்பாக்கிவிட்டார்.

நான் போக முடிந்ததற்கே ஒரு தேதிதான் காரணம். அப்பாவும் அம்மாவும் 1985இல் அகதிகளாகப் படகேறி வந்தவர்கள். நான் 1986இல் திருச்சியில் பிறந்தேன். 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதைச் சொல்லித்தான் 2022இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினார். என் தம்பி பிறந்தது 1989. அதே அம்மா, அதே ஆஸ்பத்திரி. அவன் இன்றைக்கும் அகதி முகாம் பதிவில்தான் இருக்கிறான். வெளியேறும் அனுமதி வாங்கிப் போகலாம், ஆனால் திரும்பி வர முடியுமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அம்மா நிலையும் அதுதான். முதுசத்தில், அதாவது பரம்பரைக் காணியில், எங்கள் மூன்று பேருக்கும் பங்கு இருக்கிறது. போய்ப் பார்க்க முடிகிறவன் நான் ஒருவன்.

சரி, ஊருக்கு வருகிறேன்.

வசாவிளான் சந்தியிலிருந்து பலாலிக்குப் போகும் வீதியை 2025 ஏப்ரலில் திறந்தார்கள். திறந்தார்கள் என்றால், அப்போது பகலில் வாகனத்தில் போகலாம் என்ற அளவுக்குத்தான். இறங்கக்கூடாது, நடக்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. இரண்டு பக்கமும் கம்பி வேலி. பெரியப்பா ஆட்டோவுக்குள் இருந்தபடியே ஒவ்வொரு வளவாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். இது இன்னார் வீடு, இது சங்கக்கடை, இந்தப் புளிக்குக் கீழேதான் சைக்கிள் திருத்துகிறவர் இருப்பார். அவர் காட்டிய இடத்தில் புளியும் இல்லை, கடையும் இல்லை. ஆட்டோக்காரப் பையன் 1990க்கு ரொம்பப் பிறகு பிறந்தவன். "ஐயா, கையை உள்ளுக்கு வையுங்கோ" என்று மட்டும் சொன்னான்.

இராணுவம் வைத்திருந்த எங்கள் பக்கம் 2018இல் விடுபட்டது. 1990 ஜூனில் சனம் வெளியேறியதோடு சரி, இடையில் 28 வருஷம். வீடுகள் இடிந்து போயிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். பல இடங்களில் இடிபாடுகூடக் கிடையாது. கல், ஓடு, கதவு நிலை எதுவுமில்லாமல் நிலத்தை வழித்துச் சமப்படுத்தியிருக்கிறார்கள். வேலி போய்விட்டது. கிணறுகளைத் தூர்த்திருக்கிறார்கள். ஒழுங்கை எங்கே ஓடியது என்பதற்கே சண்டை நடக்கிறது.

பெரியப்பா தன் தகப்பனாரின் காணி உறுதியை (நிலப் பத்திரத்தை) பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நம் பழைய உறுதிகள் எப்படி எழுதப்பட்டவை என்று உங்களில் வாசித்தவர்களுக்குத் தெரியும். காணிக்கு ஒரு பெயர், இத்தனை பரப்பு, இத்தனை குழி என்று நம் நில அளவுகள். கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாரின் ஆதனம், மேற்கே இன்னாரும் பங்காளரும், கூடவே கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும். அத்தனையும் மனிதர்களை வைத்து எழுதிய எல்லைகள். வடக்கு எல்லைக்காரர் வன்னியில் இறந்துவிட்டார், பிள்ளைகள் பாரிஸில். மேற்கு எல்லையில் ஒன்பது பங்காளர்கள், ஐந்து நாடுகளில். நில அளவையாளர் பொறுமையான மனிதர். "எல்லைக்காரர் இரண்டு பேராவது வந்து நின்றால்தான் நான் கல்லுப் போடலாம்" என்றார். அவர் சொன்னதில் பிழையே இல்லை.

நிலத்தின் பெரும் பகுதி இப்போது பற்றையும் பாம்பும்தான். அங்கங்கே செம்மண்ணைக் கொத்தி வெங்காயம் நட்டிருக்கிறார்கள். நட்டவர்கள் யார் தெரியுமா? கோணப்புலம் முகாமிலும், இடம்பெயர்ந்தோருக்கான மற்ற நலன்புரி முகாம்களிலும் இருந்து வந்தவர்கள். வெளிநாட்டில் ஆளில்லாததால் ஊரிலேயே இருந்தவர்கள். முகாமில் ஒரு குடும்பமாகப் போனது மூன்று குடும்பமாகத் திரும்பியிருக்கிறது, காணி மட்டும் அதே நாலு பரப்பு. ஒழுங்கை முடக்கில் தகரக் கொட்டிலில் இருக்கும் ஒரு அக்காவின் மகளுக்குச் சீதனம் கொடுக்க ஒரு குழி நிலம்கூட இல்லை. அவர்களுக்கு இரண்டு பக்கமும் நம் ஆட்களின் காணி, ஆளுயரத்துக்குப் பற்றை. துப்புரவாக்கலாமா என்று கேட்கவும் யாரைக் கேட்பது என்று தெரியாது.

வீட்டுத் திட்டங்கள் வராமல் இல்லை. இந்திய அரசின் திட்டம் மட்டும் வடக்கு கிழக்கில் 46,000 வீடுகளைக் கட்டவும் திருத்தவும் பணம் கொடுத்தது, புது வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய். எந்தத் திட்டமாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: காணி யார் பெயரில்?

இராணுவம் இன்னும் வைத்திருக்கும் காணிக்காக நாம் எழுதுகிறோம், கையெழுத்து வாங்குகிறோம். அது நடக்கத்தான் வேண்டும். ஆனால் விடுபட்ட காணியைப் பூட்டி வைத்திருப்பது நாம்தான். பங்கு பிரிக்காத முதுசம், மூன்று தலைமுறைக்கு எழுதாத உறுதி, "இருக்கட்டும், எப்பவாவது போவோம்" என்ற பேச்சு. வெளியாருக்கு விற்பதென்றாலும் யாழ்ப்பாணத் தமிழர் வழக்குச் சட்டமான தேசவழமையில் பங்காளருக்கு முதல் உரிமை உண்டு என்பதால் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்க முகவரி வேண்டுமே!

சும்மா கிடந்தால் என்ன ஆகும் என்று ஒரு பயம் காட்டினார்கள். 2025 மார்ச்சில் இலங்கை அரசு வெளியிட்ட ஒரு வர்த்தமானி (அரசிதழ்), வடக்கில் சுமார் 5,900 ஏக்கரை அடையாளம் காட்டி, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்றது. இலங்கை உயர் நீதிமன்றம் (அங்கே அதுதான் சுப்ரீம் கோர்ட்) ஜூனில் இடைக்காலத் தடை போட்டது, அரசும் பின்வாங்கியது. மூன்று மாதத்தில் என் தம்பி எப்படிப் போய் உரிமை கோருவான்? அடுத்த முறையும் நீதிமன்றம் இப்படியே காப்பாற்றும் என்று நம்பி இருக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

மயிலிட்டித் துறைமுகத்துக்கும் போனோம். இராணுவம் 2017 ஜூலையில் விட்டது, இப்போது படகுகள் நிறைய நிற்கின்றன. பிடிபட்ட தமிழ்நாட்டு இழுவைப்படகுகளும் அங்கேதான் உக்கிக்கொண்டிருக்கின்றன. நான் இந்தியாவிலிருந்து வந்தவன் என்றதும் ஒரு பெரியவர் நலம்கூட விசாரிக்கவில்லை. "தம்பி, உங்கட ரோலரை நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்றார். பெங்களூரில் மென்பொருள் வேலை செய்கிறவன் எதை நிறுத்துவது? ஆனால் வலை அறுந்தவரிடம் அதைச் சொல்ல முடியுமா?

திரும்பி வந்ததும் இங்கே இருக்கும் நம் குடும்பங்கள் அல்சூரில் ஒரு வீட்டில் கூடினோம். இந்த ஊரில் முப்பதுக்கு நாற்பது மனைக்கு இ-கத்தா என்ற மாநகராட்சிச் சொத்துப் பதிவு வாங்க நாம் எத்தனை நாள் லீவு போட்டு அலைகிறோம்! பாட்டன் பெயரில் கிடக்கும் எட்டுப் பரப்புச் செம்மண்ணுக்கு ஒரு நகல்கூடக் கையில் இல்லை. மாமி ஒருவர் கோபுரத்தை நிறுத்தச் சொல்கிறேனா என்று கோபப்பட்டார். நிறுத்தச் சொல்லவில்லை மாமி, ஒரு வருஷம் தள்ளி வைக்கச் சொல்கிறேன். பிள்ளையார் 28 வருஷம் விளக்கில்லாமல் இருந்தவர், இதற்கா கோபிப்பார்? அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நில அளவைக்கும் சட்டத்தரணிக்கும் ஒதுக்கினால் ஒரு வட்டாரத்துக்காவது எல்லைக்கல் போட்டு முடிக்கலாம் என்பது என் கணக்கு.

பங்காளர்கள் ஒரு குடும்பத்துக்கு ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதிக் கொடுங்கள். ஊரிலேயே இருக்கும் சொந்தக்காரர் என்றால் இன்னும் நல்லது. நாம் வந்து குடியிருக்கப் போவதில்லை என்று தெளிவாகத் தெரிந்தவர்கள், பக்கத்துக் காணிக்காரருக்கு எழுத்தில் குத்தகைக்காவது விடுங்கள். தமிழ்நாட்டில் முகாம் பதிவில் இருக்கும் உறவுகளின் பங்கை யாரும் மறந்தமாதிரி விட்டுவிடக் கூடாது. அது நடப்பதையும் பார்த்தேன், ஆள் பெயர் வேண்டாம்.

உறுதி தொலைந்தவர்கள் யாழ்ப்பாணம் காணிப் பதிவகத்தில் நகல் எடுக்கலாம். உறுதி இலக்கமும் அதை எழுதிய நொத்தாரிசின் (நோட்டரியின்) பெயரும் தெரிந்தால் வேலை சுலபம். இரண்டும் தெரியாதவர்கள் காணியின் பெயரையும் பாட்டன் பெயரையும் எனக்கு எழுதுங்கள், பெரியப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன். மத்தியானத் தூக்கம் முடிந்து எழும்பினாரென்றால் டொராண்டோ நேரம் நாலு மணிக்குப் பிடிக்கலாம், நல்ல ஞாபகம்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து