பட்டனை அமுக்கினால் ஒரே ஒரு 'டிக்': செல்ஃப் ஸ்டார்ட் அனுபவங்கள்

பட்டனை அமுக்கியும் ஸ்டார்ட்டர் சுற்றாதபோது கோளாறை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு சிங்கப்பூர் பைக்காரர்கள் எழுதிய பதில்கள் இவை. ஒவ்வொரு பதிலுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைப்பெயர்.

நாலு சிலிண்டர்

ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர் பைக், என்சி42 மாடல். ஈசூனில் ஒரு பலமாடிக் கார்பார்க். சாவி போட்டால் டேஷ்போர்டு பளிச், பெட்ரோல் பம்ப் ஓடி நிற்கிறது, பட்டனை அமுக்கினால் ஒரே ஒரு 'டிக்'. அதோடு சரி. பாட்டரி புதுசு. அதுதான் கோளாறு என்று கடையில் இன்னொரு புதுசு போட்டார்கள். அப்போதும் அதே டிக். இரண்டு பாட்டரிக்கும் காசு கொடுத்தாகிவிட்டது, வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டரை எடுத்து வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இன்றுவரை உறுத்துகிறது.

மீட்டர் வைத்ததும் கதை மாறியது. சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட். பட்டனை அமுக்கியபடி பார்த்தால் 12.6. அசையவே இல்லை! செத்த பாட்டரியாக இருந்தால் 10க்குக் கீழே சரிந்திருக்கும். சரியவில்லை என்றால் பாட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்ட் போகவே இல்லை என்று அர்த்தம். அடுத்து ஸ்டார்ட்டர் ரிலே, அதாவது பட்டனை அமுக்கியதும் பாட்டரியை மோட்டாரோடு இணைக்கும் பெரிய சுவிட்ச். அதன் இரண்டு பெரிய போல்ட்டுக்கும் குறுக்கே மீட்டர். அமுக்குமுன் 12.6 காட்டும், அது இயல்பு. 'டிக்' கேட்டதும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழவேண்டும். இதில் 12.6லேயே நின்றது. சத்தம் போட்டது உள்ளே இருக்கும் காயில் (கம்பிச் சுருள்). செம்புத் தகடு கருகிப் போனதால் தொட்டும் தொடாத நிலை. ரிலே மாற்றியதும் ஓடியது.

காஸ்வே காலை ஷிஃப்ட்

அதே டிக், ஆனால் ரிலே நல்ல ரிலே. பழைய ஹோண்டா சிபி190ஆர், தினமும் மழையில் ஜொகூர்-சிங்கப்பூர் காஸ்வே தாண்டும் வண்டி. ரிலே போல்ட்களுக்குக் குறுக்கே பூஜ்யம், மோட்டாரின் தடித்த வயர் முனையில் 12க்கு மேல், மோட்டார் மட்டும் கல்லாக நிற்கிறது. மீட்டரின் ஒரு முனையை பாட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பில் பெயிண்ட் இல்லாத இடத்திலும் வைத்து அமுக்கினால் 11 வோல்ட் காட்டியது. அங்கே 0.2க்கு மேல் வந்தாலே சந்தேகப்பட வேண்டும். பாட்டரி மைனஸை எஞ்சினோடு இணைக்கும் கிரவுண்ட் கேபிள் போல்ட்டைக் கழற்றினால் வளையத்தின் அடியில் பச்சைப் பச்சையாகக் களிம்பு.

10 மிமீ ஸ்பேனர், 400 நம்பர் மணல்தாள், இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாஸ்லின். வேலை அவ்வளவுதான். இதை அலட்சியமாக விட்டால், பெரிய கேபிளில் போக முடியாத கரண்ட் ஹார்னெஸின் (வண்டியின் வயர்க் கட்டு) மெல்லிய கிரவுண்ட் வயர் வழியே திரும்பப் பார்க்கும். ஒல்லி வயர் உருகினால் ஹார்னெஸையே பிரிக்கவேண்டியதுதான்.

பழைய ஸ்பேனர்

எதற்கு இவ்வளவு மீட்டர்? ஒரு ஸ்க்ரூடிரைவரை ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டிலும் வைத்துத் தொடு. மோட்டார் சுற்றினால் ரிலேயோ சுவிட்சோ போச்சு. சுற்றாவிட்டால் மோட்டார் போச்சு. பத்து விநாடியில் பதில்.

ஜூரோங் வயர்மேன்

மோட்டார் போச்சா? மேலே காஸ்வேக்காரர் சொன்ன வண்டியில் அப்படித் தொட்டிருந்தால் ஒன்றும் சுற்றியிருக்காது. நல்ல மோட்டாரைக் கழற்றி பெஞ்சில் வைத்திருப்பீர்கள். போல்ட் நுனி உருகும், பொறி பறக்கும், பக்கத்தில் பெட்ரோல் டேங்க். அதைவிட முக்கியம், அப்படித் தொடும்போது கிளட்ச் சுவிட்ச், ஸ்டாண்ட் சுவிட்ச் எல்லாம் பைபாஸ். கியரில் இருக்கும் வண்டி அப்படியே பாயும். சிம் லிம் டவர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மீட்டரே இந்த வேலைக்குப் போதும் அண்ணே.

'டிக்' கூட வராத கேஸ்தான் ரொம்பப் பேரை அலைக்கழிக்கும். ஒரு சிபி400: விளக்கு, ஹார்ன் எல்லாம் உண்டு, பட்டனுக்கு மட்டும் மௌனம். நியூட்ரலில் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, கியரில் கிளட்ச் பிடித்தால் ஆகவில்லை. ஸ்டாண்ட் மேலேதான் இருந்தது. ஆக, மிச்சம் ஸ்டாண்ட் சுவிட்சும் கிளட்ச் சுவிட்சும். கிளட்ச் லீவர் அடியில் இரண்டு வயர். இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்ததும் ஓடியது, தீர்ப்பு வந்துவிட்டது. சோதனைக்கு மட்டும் இணையுங்கள், அப்படியே விட்டுவிடாதீர்கள்.

நியூட்ரலிலும் மௌனம் என்றால் ரிலேயின் சின்ன வயர்களுக்குப் போங்கள். ஹோண்டாவில் மஞ்சள்/சிவப்பு (மஞ்சளில் சிவப்புக் கோடு) பட்டனிலிருந்து வருவது, பச்சை/சிவப்பு நியூட்ரல் சுவிட்ச் வழியாகவோ கிளட்ச்-ஸ்டாண்ட் வழியாகவோ கிரவுண்டுக்குப் போவது. பட்டனை அமுக்கியபடி இரண்டுக்கும் குறுக்கே 12 வந்தும் டிக் இல்லையென்றால் ரிலே காயில் செத்தது. 12 வராவிட்டால், மஞ்சள்/சிவப்பை பாட்டரி மைனஸோடு வைத்துப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் பட்டன் அல்லது கில் சுவிட்ச் (எஞ்சினை அணைக்கும் சுவிட்ச்). இருந்தால் கிரவுண்ட் பக்கம். பட்டன் இருக்கும் கூட்டைத் திறந்தால் நம் ஊர் மழைக்குச் செம்பு பச்சையாகி இருக்கும். காண்டாக்ட் கிளீனர், நுண்ணிய மணல்தாள், ஸ்பிரிங் பறந்துவிடாமல் ஒரு கை மூடி. கார்பார்க்கில் அந்த ஸ்பிரிங் உருண்டால் திரும்பக் கிடைக்காது.

பிசிஎக்ஸ் டெலிவரி

ஸ்கூட்டர்காரர்களுக்கு ஒரே வரி. பிரேக் பிடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும், அதனால் பிடித்ததும் பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியாவிட்டால் பெரும்பாலும் பிரேக் லீவர் சுவிட்ச்தான், ஸ்டார்ட்டர் இல்லை. இடது லீவரில் எரியாமல் வலது லீவரில் எரிந்தால் வலதைப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கி வீடு போய்ச் சேரலாம். சைடு ஸ்டாண்டும் மேலே இருக்கவேண்டும்.

ஆம்ப் கணக்கு

எல்லோரும் அறுந்துபோன இடத்தையே பேசுகிறீர்கள், கசியும் இடத்தை யாரும் பேசவில்லை. டேஷ்கேம், அலாரம், போனுக்கு யூஎஸ்பி சார்ஜர், எல்லாம் பாட்டரி முனையிலேயே நேராக இழுத்த வண்டிகள் இங்கே எத்தனை! சாவியை எடுத்துவிட்டு மைனஸ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பாட்டரிக்கும் நடுவே மீட்டரை ஆம்பியரில் வையுங்கள். ஒன்றும் மாட்டாத வண்டியில் ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் இருக்கலாம். 20 காட்டினால் ஒரு நாளில் கிட்டத்தட்ட அரை ஆம்பியர்-அவர் போகிறது. 8 ஆம்பியர்-அவர் பாட்டரி எட்டு நாளில் பாதி காலி. ஊருக்கு இரண்டு வாரம் போய்வந்தால் டிக்டிக்டிக் என்று தொடர் சத்தம்தான். மீட்டர் இப்படி இருக்கும்போது பட்டனை மட்டும் தொடாதீர்கள், மீட்டர் ஃப்யூஸ் போய்விடும். சார்ஜரை சாவிக்குப் பிறகு வரும் வயரில் ரிலே போட்டு எடுங்கள்.

அப்படியே சார்ஜிங்கும் பாருங்கள். நிமிடத்துக்கு 5,000 சுற்றில் பாட்டரி முனையில் ஏறக்குறைய 14 முதல் 14.5 வோல்ட் நிற்கவேண்டும். 13க்குக் கீழே என்றால் ரெகுலேட்டரோ (சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது) ஸ்டேட்டரோ (கரண்ட் உண்டாக்கும் சுருள்), எந்தப் பாட்டரி போட்டாலும் தின்னும். இன்னொன்று, தள்ளி ஸ்டார்ட் செய்வது எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டியில் பெட்ரோல் பம்ப் ஓடுகிற அளவுக்காவது பாட்டரி இருந்தால்தான். சிவிடி (பெல்ட்டில் ஓடும் ஆட்டோ கியர்) ஸ்கூட்டரைத் தள்ளினால் வியர்வைதான் மிச்சம்.

வேவ் 125 வச்சிருக்கேன்

கேட்டது ஸ்டார்ட்டர், பதில் சார்ஜிங். சரி போகட்டும்.

வேவில் பிரச்சினையே உதைத்தால் ஓடிவிடும் என்பதுதான். செல்ஃப் செத்து மாசக் கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. இப்படி ஒன்றில் ரிலே, கிரவுண்ட் எல்லாம் சுத்தம். மோட்டாரின் உடம்பில் ஸ்பேனர் கைப்பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே அமுக்கினால் ஒருதரம் சுற்றும். அப்படிச் சுற்றினால் கார்பன் பிரஷ்தான், மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு. கழற்றியபோது பிரஷ் பொத்தான் அளவுக்குத் தேய்ந்து, ஸ்பிரிங் எட்டவில்லை. கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செம்பு உருளை) இடுக்கெல்லாம் கரித்தூள். தூளைப் பல் குச்சியால் எடுத்து, கம்யூட்டேட்டருக்கும் நடுத் தண்டுக்கும் இடையே தொடர்ச்சி இல்லையென்று மீட்டரில் உறுதி செய்துவிட்டு புது பிரஷ் செட். ஓ-ரிங்கையும் (ரப்பர் வளையம்) மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு உள்ளே தண்ணீர்.

நாலு சிலிண்டர்

வயர்மேன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரிலே வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டு போங்கள். ஹோண்டாவில் பல மாடல்களில் 30 ஆம்பியர் மெயின் ஃப்யூஸ் ரிலே தலையிலேயே உட்கார்ந்திருக்கும், கனெக்டர் ஊசிகளின் அமைப்பு மாடலுக்கு மாடல் மாறும். சிவப்பு வயர் நுழையும் இடத்தில் கனெக்டர் பழுப்பாகி உருகியிருந்தால் ரிலே மட்டும் மாற்றிப் பயனில்லை, அந்தக் கனெக்டர் ஊசியையும் புதுசாக அடித்துப் போடச் சொல்லுங்கள்.