இங்கிலாந்து வந்தாச்சா? 'கெட்' கிட்ட கொஞ்சம் உஷாரா இருங்க

ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சையில ஏழரை எடுத்துட்டு வந்தவங்களுக்கும் இங்க ஒரு ஏழரை காத்திருக்கு. அதுக்குப் பேரு 'கெட்' (get).

வாங்கு, கிடைன்னுதான் பள்ளிக்கூடத்துல படிச்சோம். இங்க ஆபீஸ், பஸ், ஆஸ்பத்திரி, பப்னு எங்க போனாலும் அதுக்குப் பின்னாடி ஒரு குட்டி வார்த்தையை ஒட்டி வேற எதையோ சொல்லுவாங்க. லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ணினா ஒரு வாரத்துல மறந்துடும். எது யார் வாயில, எந்த இடத்துல வருதுன்னு கவனிச்சா தானா ஒட்டிக்கும். காது பழகட்டும், வாய் அவசரப்பட வேண்டாம். பாதிக்கு மேல நீங்க திருப்பிச் சொல்லவே தேவையில்லாத சமாச்சாரம்.

முதல்ல 'கெட்டிங் ஆன்'. "ஹவ் ஆர் யூ கெட்டிங் ஆன்?"னு மேனேஜர் கேட்டா, வேலை எந்த அளவுல இருக்கு, எங்கயாவது முட்டுதான்னு ரெண்டு வரி எதிர்பார்க்கிறாரு. டிரைவிங் டெஸ்ட் முடிச்சு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் "ஹவ் டிட் யூ கெட் ஆன்?"னா, பாஸா ஃபெயிலான்னு கேட்கிறாரு.

ஜிபி, அதாவது நம்ம ஏரியா குடும்ப டாக்டர், கேட்டா விஷயமே வேற. "ஹவ் ஆர் யூ கெட்டிங் ஆன் வித் தி டேப்லெட்ஸ்?"னா, மாத்திரை ஒத்துக்குதா, தலைசுத்தல், குமட்டல், தூக்கமில்லாம போறதுன்னு ஏதாவது இருக்கான்னு அர்த்தம். நம்மாளுங்க மரியாதைக்கு "ஃபைன் டாக்டர்"னு தலையாட்டிட்டு வெளிய வந்து, கார் பார்க்கிங்ல நின்னு "அந்த மாத்திரை போட்டா வயித்தைப் புரட்டுதுப்பா"ன்னு சொல்லுவாங்க. சொல்ல வேண்டிய இடம் உள்ளதான். டோஸை குறைக்கறதா, வேற மாத்திரை எழுதறதான்னு அந்தப் பதிலை வெச்சுத்தான் அவங்க முடிவு பண்ணுவாங்க. அம்மா அப்பாவுக்காக மொழிபெயர்க்கப் போறவங்க "நல்லா இருக்கீங்களான்னு கேட்கிறாரு"ன்னு சுருக்கிடாதீங்க. "மாத்திரை ஒத்துக்குதாம்மா?"ன்னு கேளுங்க.

அதே 'கெட் ஆன்' இன்னும் நாலு வேஷம் போடும். "ஷீ இஸ் கெட்டிங் ஆன் எ பிட்"னா அவங்களுக்கு வயசாயிட்டு வருது. "கெட்டிங் ஆன் ஃபார் டென்"னா மணி பத்தாகப் போகுது. "தே டோன்ட் கெட் ஆன்"னா ரெண்டு பேருக்கும் ஆகாது. "கெட் ஆன் வித் இட்"னா கதையளக்காம வேலையைப் பாரு. கடைசியா சொன்னதைச் சிரிச்சுக்கிட்டும் சொல்லுவாங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டும் சொல்லுவாங்க. முகத்தைப் பார்த்துக்கோங்க.

இப்ப ஒரு கண்ணிவெடி. பஸ், டியூப் ரயில்ல இருந்து இறங்கறது 'கெட் ஆஃப்'. அதோட ஒரு 'வித்' சேர்ந்தா, பிரிட்டன்ல அது முத்தத்துல ஆரம்பிச்சு அதுக்கு மேலயும் போற சமாச்சாரம். மேனேஜரும் நீங்களும் ஒரே ஸ்டேஷன்ல இறங்கினதைச் சொல்ல நினைச்சு, "ஐ காட் ஆஃப் வித் மை மேனேஜர் அட் ஈஸ்ட் ஹாம்"னு சொல்லிப் பாருங்க, சாயங்காலத்துக்குள்ள ஆபீஸ் முழுக்கப் பரவிடும். "வீ போத் காட் ஆஃப் அட் ஈஸ்ட் ஹாம்" போதும்.

காசு விஷயம். "ஐ'ல் கெட் தீஸ்"னா நான் காசு கொடுக்கறேன். ஹோட்டல் கல்லாவுல பர்ஸை இழுத்துப் பிடிச்சு மல்லுக்கட்டற நம்ம பழக்கம் இங்க எடுபடாது. ஒரு "தேங்க்ஸ்" சொல்லி வாங்கிக்கோங்க, ஆனா கணக்கு மனசுல இருக்கட்டும். பப்ல ஆளாளுக்கு ஒரு ரவுண்ட் எல்லாருக்கும் வாங்கிக் கொடுக்கறது 'கெட் எ ரவுண்ட் இன்'. நீங்க ஆரஞ்சு ஜூஸ்தான் குடிச்சீங்கன்னாலும் உங்க முறை வந்தே தீரும். முறை வரும்போது பாத்ரூம் பக்கம் நழுவறவங்களை இந்த ஊர்க்காரங்க வருஷக்கணக்கா ஞாபகம் வெச்சிருப்பாங்க. பெரிய கூட்டமா இருந்து செலவு தாங்காதுன்னா, ஆரம்பத்துலயே "ஐ'ல் ஜஸ்ட் கெட் மை ஓன்"னு சொல்லிடுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. கடையில "கேன் ஐ கெட் எ காஃபி"ன்னா, அது அமெரிக்கப் பேச்சுன்னு வயசானவங்க சிலர் முகம் சுளிப்பாங்க. "கேன் ஐ ஹேவ்" யாரையும் உறுத்தாது.

'கெட் ஸ்டக் இன்'னா மாட்டிக்கிட்டதா நினைச்சுடாதீங்க. சாப்பாட்டு மேசையில சொன்னா ஒரு கட்டு கட்டுங்கன்னு அர்த்தம், வேலையில சொன்னா இறங்கி அடிங்க. 'கெட் கிராக்கிங்', 'கெட் யுவர் ஸ்கேட்ஸ் ஆன்' எல்லாம் சீக்கிரம் கிளம்பு ரகம். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறது 'கெட் தி ஹம்ப்'. 'கெட் இட் இன் தி நெக்'குக்கு நம்ம 'வாங்கிக் கட்டிக்கிறது' அச்சு அசலாப் பொருந்தும்.

"ஹி காட் ஹிஸ் பி45"ன்னா அவரை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. பி45ங்கிறது வேலையை விட்டு நிக்கும்போது கம்பெனி கொடுக்கிற வரித்தாள், நீங்களே ரிசைன் பண்ணினாலும் வரும். பத்திரமா வெச்சு அடுத்த கம்பெனியில கொடுங்க. இல்லேன்னா எமர்ஜென்சி டாக்ஸ் கோட் போட்டு முதல் சம்பளத்துல கூடுதலாப் பிடிச்சுட வாய்ப்பிருக்கு.

எரிச்சலுக்கு 'கெட் ஆன் மை நெர்வ்ஸ்' எல்லாருக்கும் தெரியும். 'கெட் ஆன் மை விக்' கொஞ்சம் வில்லங்கம். கிங்ஸ்டனுக்கு எதிர்க்கரையில தேம்ஸை ஒட்டி ஹாம்ப்டன் விக்னு ஒரு ஊர் இருக்கு, டோல்வொர்த், நியூ மால்டன் பக்கம் இருக்கிற நம்ம சனம் ரயில்ல கடந்து போயிருப்பீங்க. லண்டன்காரங்க அந்த ஊர்ப் பேரை ஒரு கெட்ட வார்த்தைக்கு எதுகையாப் பிடிச்சு உண்டாக்கினது இது. இப்ப நிறைய பேர் மூலம் தெரியாமலேயே சாதாரணமாச் சொல்றாங்க. சொல்லட்டும், நமக்கெதுக்கு.

வாடகை வீட்டு ஓனர் "ஐ'ல் கெட் ரவுண்ட் டு இட்"னா, நேரம் கிடைக்கறப்ப பார்க்கலாம்னு அர்த்தம். அதாவது இப்போதைக்கு இல்ல. ஷெல்ஃப் ஆடுதுன்னா காத்திருங்க. நவம்பர்ல பாய்லர் நின்னு போயிருந்தா காத்திருக்காதீங்க. இங்கிலாந்துல வழக்கமான வாடகை வீட்டுக்கு ஹீட்டிங்கும் சுடுதண்ணியும் வேலை செய்ய வெக்கறது 1985ம் வருஷச் சட்டப்படி வீட்டு ஓனர் பொறுப்பு. போன்ல கெஞ்சறதை விட்டுட்டு, தேதி போட்டு ஈமெயில் அனுப்புங்க, எந்த நாள் ஆள் வருவாங்கன்னு கேளுங்க. பதில் இல்லேன்னா உங்க ஊர் கவுன்சில்ல (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) புகார் கொடுக்கலாம். ஏஜென்ட் சொல்ற "வீ'ல் கெட் பேக் டு யூ"வும் கிட்டத்தட்ட இதே ஜாதி. "பை வென்?"னு அப்பவே ஒரு நாள் கேட்டு வாங்கிக்கோங்க.

கீழ கமெண்ட்ல கேட்டவங்களுக்கு:

பையன் எதுக்கெடுத்தாலும் "யூ கெட் மீ?"ங்கிறான்னு ஒரு அண்ணன் கவலைப்பட்டிருக்காரு. லண்டன் பசங்க பேச்சுல அது நம்ம 'புரியுதா?' மாதிரி வாக்கியத்துக்கு வால். திட்டெல்லாம் இல்ல. டீச்சர்கிட்ட வேண்டாம்னு மட்டும் சொல்லி வெங்க.

நர்ஸ் வேலைக்கு வடக்குப் பக்கம் போன தங்கச்சி: "எனக்கு காலேஜ் போற பொண்ணு இருக்கான்னேன். வார்டுல ஒரு பாட்டி 'கெட் அவே!'ங்கிறாங்க. கோவமா?" கோவமில்லம்மா. 'அட, போம்மா சும்மா!'னு ஆச்சரியப்படறாங்க. உங்களைப் பார்த்தா அவ்வளவு வயசு தெரியலையாம். 'கெட் ஸ்டஃப்ட்', 'கெட் நாட்டெட்'னு யாராவது சொன்னாத்தான் அது நிஜமாவே போடா ரகம். லிவர்பூல் பக்கம் வேலை கிடைச்சா இன்னொண்ணு: அங்க ஒருத்தரை வெறும் 'கெட்'னே திட்டுவாங்க. அதுக்கு ஒட்டுவார்த்தை எதுவும் தேவையில்ல.