‘பாட்டி வீடு’ குழு

நிவேதா, இரவு 8:40
இந்த மாதத்தோடு ஆஸ்பத்திரி வேலையை விடுகிறேன். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு கம்பெனியில் சேரப் போகிறேன். அப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அதிலிருந்து பேசவில்லை.

பெரியப்பா
நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன், அப்புறம் மேல்படிப்புக்கு நீட் பிஜி தேர்வு இரண்டு தடவை. எல்லாம் தண்ணீரிலா? அரசுக் கல்லூரி சீட் வேறு. இன்னொரு பிள்ளைக்காவது கிடைத்திருக்கும். உன் அப்பன் மெடிக்கல் ஷாப் வாசலில் உன் போர்டுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறான், தெரியுமா?

நிவேதா
தெரியும் பெரியப்பா. சீட் விஷயம் எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது.

அத்தை
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி அண்ணா
நான் படித்துவிட்டேன் அத்தை. மாப்பிள்ளை வீட்டில் ‘டாக்டர் பெண்’ என்று சொன்னது பொய்யாகாது, பட்டம் எங்கேயும் போகாது.

கார்த்தி அண்ணா
நிவி, 22 வயதுப் பையன்கள் நீ எழுதும் ப்ரோகிராமைத் திருத்துவார்கள், பொறுத்துக்கொள்ள வேண்டும். சம்பளமும் முதலில் இறங்கலாம். மெடிக்கல் கவுன்சில் பதிவை மட்டும் காலாவதியாக விடாதே. சரி, காரணம் என்ன? நைட் டூட்டியா?

நிவேதா
அதுவும்தான். ஆனால் ஒரு ராத்திரி எட்டரை கிலோ குழந்தை ஒன்று காய்ச்சலோடு வந்தது. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டால் சுமார் 125 மில்லிகிராம். சிரப் இரண்டு விதமாக வரும். 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் இருப்பது ஒன்று, 250 இருப்பது இன்னொன்று. எந்த பாட்டில் என்று பார்க்காமல் ‘5 மில்லி’ என்று எழுதிவிட்டேன். நர்ஸ் அக்கா ஒன்றும் சொல்லாமல் பாட்டிலை என் பக்கம் திருப்பி வைத்தார். 250. இரண்டு மடங்கு மருந்து. அவர் லீவு போட்டிருந்தால்? டூட்டி முடிந்து வந்து பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு சின்ன ப்ரோகிராம் எழுத ஆரம்பித்தேன். எடையையும் பாட்டில் அளவையும் கேட்கும்.

கார்த்தி அண்ணா
டெஸ்ட் செய்தாயா?

நிவேதா
125 பாட்டிலுக்கு, 8.5-இல் புள்ளியை விட்டுவிட்டு 85 என்று அடித்துப் பார்த்தேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல் 51 மில்லி கொடு என்றது! 60 மில்லி பாட்டிலில் மிச்சம் ஒன்பதுதான். இப்போது வயதையும் கேட்கும், எடை பொருந்தாவிட்டால் நின்றுவிடும். முதல் தடவை அது நின்றபோது ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாகச் சிரித்தேன்.

கார்த்தி அண்ணா
தெராக்-25 பற்றிப் படி. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேருக்கு அளவு மீறிப் பாய்ந்தது, சிலர் இறந்தார்கள். அதிலிருந்த ஒரு பிழை: தப்பாக அடித்ததை ஆபரேட்டர் மளமளவென்று திருத்தினால் திரையில் மாறும், உள்ளே சரியாக மாறாது. பழைய மாடலில் இருந்த கருவித் தடுப்புகளை எடுத்துவிட்டு மென்பொருளையே நம்பியிருந்தார்கள்.

பெரியப்பா
இவன் பயமுறுத்துகிறானா, ஆசை காட்டுகிறானா?

அத்தை
உன் பாட்டி சொல்லச் சொன்னாள்: “கம்ப்யூட்டர் வேலைக்குப் போனால் பிபி பார்க்க மறந்துவிடுமா? ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்.”

அத்தை
சின்னண்ணன் எல்லாவற்றையும் படித்துக்கொண்டேதான் இருக்கிறார். நீல டிக் விழுகிறது.

அப்பா, இரவு 10:25
புகைப்படம்
கடை பூட்டும்போது எடுத்தது. இடது பக்கம் 125, வலது பக்கம் 250. இரண்டுக்கும் ஒரே ரோஸ் அட்டை. எண்ணை எவ்வளவு பொடியாக அச்சடித்திருக்கிறான் பார். எனக்கே கண்ணாடி வேண்டியிருக்கிறது. எந்த பாட்டில் என்று உன் ப்ரோகிராம் இரண்டு தடவை கேட்கட்டும்.