மூன்று சர்வர் இருந்தும் ஒன்று மட்டும் திணறுகிறது: உதவி தேவை

கேட்பவர் (அஸ்தம்பட்டி):
சேலத்தில் ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் கணினிப் பொறுப்பைப் பார்க்கிறேன். ஞாயிறுதோறும் காலை 10 மணிக்குக் குரூப் 4 மாதிரித் தேர்வு. இங்கே கணினிக் கூடத்தில் 60 பேர், ஏற்காட்டில் வாடகை அறையில் 25 பேர் எழுதுகிறார்கள். மலைக் கிராமத்துப் பிள்ளைகள் ஒரு தேர்வுக்காக 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வர வேண்டாம் என்றுதான் அந்த அறையை எடுத்தோம்.

முன்னால், வரும் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சராக என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள், பின்னால் ஒரே திறனுள்ள மூன்று சர்வர்கள். தேர்வுத் தளம் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதியது. மாணவர் இடையில் வேறு சர்வருக்கு மாறினால் மறுபடியும் கடவுச்சொல் கேட்கிறது. அதனால், கணினியின் ஐபி முகவரியை (வலைப்பின்னலில் அதன் அடையாள எண்) வைத்து எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பும் ஐபி ஹேஷ் முறையைப் போட்டேன். இப்போது இரண்டாவது சர்வருக்கு மூச்சு முட்டுகிறது. மூன்றாவதில் வேலை குறைவு. முதலாவதில் ஒருவர்கூட இல்லை. கணினிகளுக்குத் தனித்தனி முகவரி இருந்தும் ஏன் இப்படி? போன வாரம் 11 பேருக்குப் பாதித் தேர்வில் பக்கம் நின்றுவிட்டது. ஒரு பெண் அழுதுகொண்டே எழுந்து போனாள். அடுத்த ஞாயிறும் அப்படி நடக்கக் கூடாது.

பதில் (சூரமங்கலம்):
இரண்டாவது சர்வருக்கு நினைவகத்தைக் கூட்டிப் பாருங்களேன்.

பதில் (கன்னங்குறிச்சி):
ஒரு சர்வர் வெறுமனே நிற்கும்போது நினைவகத்துக்குச் செலவழிக்காதீர்கள். எந்த முகவரி எந்தச் சர்வருக்குப் போகிறது என்பதை என்ஜின்எக்ஸின் லாக்கில் (பதிவுக் கோப்பில்) பதியச் செய்து பாருங்கள்.

கேட்பவர்:
பார்த்தேன் ஐயா. கூடத்துக் கணினிகள் 192.168.10.11 முதல் 192.168.10.70 வரை. அத்தனையும் இரண்டாவது சர்வருக்கே போகின்றன. ஏற்காட்டின் 25 பேரும் ஒரே முகவரியாகத் தெரிகிறார்கள். அவர்கள் மூன்றாவதில்.

பதில் (கன்னங்குறிச்சி):
காரணம் அதிலேயே இருக்கிறது. ஐபி ஹேஷ், நான்கு பகுதி முகவரியில் முதல் மூன்று பகுதிகளை மட்டும்தான் கணக்கில் எடுக்கும். உங்கள் 60 கணினிகளும் அதற்கு 192.168.10 என்ற ஒற்றை முகவரிதான். அஞ்சல் குறியீட்டில் 636 என்ற முதல் மூன்று எண்களை மட்டும் பார்த்துக் கடிதம் பிரித்தால் அஸ்தம்பட்டியும் ஏற்காடும் ஒரே பையில் விழும் அல்லவா, அதே கதை. உங்களிடம் அதற்குத் தெரிவது இரண்டே இரண்டு முகவரிகள். ஆகவே எத்தனை சர்வர் வைத்தாலும் இரண்டுக்கு மேல் வேலை செய்யாது.

ஐபி ஹேஷ் வரியை நீக்கிவிட்டு, ஹேஷ் என்ற பொதுக் கட்டளையில் முழு முகவரியையும் கொடுங்கள். கூடத்துப் பிள்ளைகள் பிரிந்துவிடுவார்கள்.

கேட்பவர்:
பிரிந்தார்கள்! 23, 19, 18. சரியாக 20 வரவில்லையே? ஏற்காடு இன்னும் ஒரே சர்வரில்தான் இருக்கிறது.

பதில் (கன்னங்குறிச்சி):
ஹேஷ் தலை எண்ணிப் பங்கிடுவதில்லை. முகவரியைக் கணக்கிட்டு வரும் எண்ணுக்கு எந்தச் சர்வரோ அங்கே அனுப்பும். சிறு கூட்டத்தில் இந்த ஏற்றத்தாழ்வு இயல்பு. ஏற்காட்டு அறையின் ரௌட்டர் எல்லோரையும் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. முகவரியை வைத்துப் பிரிக்கும் எந்த முறையும் அங்கே பலிக்காது.

உண்மையான சிக்கல் உள்நுழைவில் இருக்கிறது. யார் உள்நுழைந்திருக்கிறார் என்ற விவரத்தை பிஎச்பி இயல்பாக அந்தந்தச் சர்வரின் கோப்பில் வைக்கிறது. அதனால்தான் அடுத்த சர்வர் மாணவரை அடையாளம் காண மறுக்கிறது. அதை எடுத்து மூன்றுக்கும் பொதுவாக ரெடிஸ் என்ற தரவுச் சேமிப்பு மென்பொருளில் வையுங்கள். பிறகு ‘குறைந்த இணைப்பு’ முறைக்கு மாறுங்கள். அந்த நொடியில் எந்தச் சர்வரில் இணைப்பு குறைவோ அதற்கே அடுத்த கோரிக்கை போகும். ஆனால் ரெடிஸ் நின்றால் தேர்வே நின்றுவிடும். அதைத் தனிக் கணினியில், யுபிஎஸ் இணைப்போடு வையுங்கள்.

கேட்பவர்:
இரண்டு இரவு உழைத்து மாற்றிவிட்டேன். நேற்று சனிக்கிழமை ஒத்திகையில் ஏற்காட்டின் 25 பேரும் மூன்று சர்வர்களிலும் பரவினார்கள். நடுவில் வேண்டுமென்றே முதல் சர்வரை நிறுத்தினேன். ஒருவரிடமும் கடவுச்சொல் கேட்கவில்லை.

பதில் (கன்னங்குறிச்சி):
மகிழ்ச்சி. இணைப்பு ஒருமுறை தோற்றால் என்ஜின்எக்ஸ் அந்தச் சர்வரை 10 விநாடி ஒதுக்கிவைத்துப் பிறகு மறுபடி முயலும். நீங்கள் நிறுத்திய சர்வரை மீண்டும் இயக்கிவிட்டீர்களா?

கேட்பவர்:
இயக்கிவிட்டேன் ஐயா. இப்போது மணி 10:20. மூன்றும் ஓடுகின்றன. அந்தப் பெண்ணும் வந்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.