கடன் ஆலோசனை மையத்தில் தன்னார்வலராகப் போகிறேன்: முதல் சந்திப்பில் என்ன கேட்பது?

வைகைக்கரை:
வணக்கம். எங்கள் வார்டில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் குடும்ப வரவு-செலவு, கடன் ஆலோசனை மையத்துக்குச் சனிக்கிழமைகளில் போகப் போகிறேன். வருபவர்கள் பெரும்பாலும் கொத்தனார், சித்தாள், வீட்டு வேலை செய்பவர்கள். குழுக் கடன், நகை அடகு, தண்டல் (தினமும் வசூலிக்கும் கடன்) மூன்றும் ஒரே வீட்டில் இருக்குமாம். எதிலிருந்து தொடங்குவது? என்னென்ன கொண்டுவரச் சொல்வது?

கணக்கு_மீனா:
மூன்று மாதத்துக்கு என்ட்ரி போட்ட பாஸ்புக், எல்லாக் குழுக் கடன் அட்டைகளும், அடகு ரசீது, கடைசி கரண்ட் பில். இவ்வளவு போதும்.

"மாசம் எவ்வளவு வரும்?" என்று கேட்காதீர்கள். நல்ல மாதத்துத் தொகைதான் வாயில் வரும். "ஐப்பசி மழையில வாரத்துக்கு எத்தனை நாள் வேலை இருந்துச்சு?" என்று கேளுங்கள். நாள் கூலி 900, மழை மாதத்தில் 12 நாள்தான் வேலை என்றால் 10,800 ரூபாய். உங்கள் திட்டம் அந்த மாதத்தைத் தாங்க வேண்டும்.

புதியவர்கள் தடுமாறுவது தவணைக் கணக்கில்தான். வாரம் 600 என்றால் நான்கால் பெருக்கி 2,400 என்று எழுதிவிடுவார்கள். வருடத்துக்கு 52 வாரம்; 600 × 52 ÷ 12 = 2,600. இப்படி இரண்டு அட்டை இருந்தால் மாதம் 400 துண்டு விழும், அதை அடைக்கக் கைமாற்று வாங்குவார்கள், திட்டம் அத்தோடு போச்சு. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதனால் பாதி போடுங்கள். ஜூன் மாதப் பள்ளிச் செலவையும் தீபாவளி, பொங்கலையும் 12 ஆல் வகுத்துச் சேர்க்கணும்.

இன்னொன்று: கணவன், மனைவி இருவரிடமும் ஒரு பத்து நிமிடமாவது தனித்தனியாகப் பேசுங்கள். மற்றவருக்குத் தெரியாத கடன் அப்போதுதான் வெளியே வரும். அதை இன்னொருவரிடம் சொல்வது உங்கள் வேலை இல்லை.

ரசாக்_திருமங்கலம்:
மீனா அக்கா சொன்னதோடு, எல்லா வட்டியையும் வருடக் கணக்குக்கு மாற்றி ஒரே தாளில் எழுதுங்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் வருடம் 12 சதவீதம், மூன்று ரூபாய் என்றால் 36. தண்டலில்தான் ஏமாறுவார்கள். 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வாங்குவார்கள். "1,500தானே வட்டி" என்று தோன்றும். ஆனால் அசல் முதல் நாளிலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. கணக்குப் போட்டால் வருடத்துக்குச் சுமார் 120 சதவீதம் வருகிறது. மிச்சமாகும் எந்தப் பணமும் முதலில் தண்டலுக்கே போகணும்.

தெற்குவாசல்_செல்வி:
தண்டல் முதலில் என்பது பொதுவாகச் சரி. ஆனால் அதற்கு முன் அடகு ரசீதில் கெடு தேதியைப் பாருங்கள், ஏல நோட்டீஸ் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். நகை ஏலத்துக்குப் போனால் அடுத்த அவசரத்துக்கு அந்த வீட்டில் கைவைக்க எதுவும் இருக்காது. கெடு நெருங்கினால் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று கேட்பதுதான் முதல் வேலை.

குழுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த நுண்கடன் விதிகளை மனப்பாடமாக வைத்திருங்கள். வருட வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் தருவதுதான் நுண்கடன். புதுக் கடன் கொடுக்கும்போது அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 16,000 வருமானத்தில் ஏற்கெனவே 7,500 தவணை போனால் இன்னும் 500க்குத்தான் இடம். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. பேசி முடிவு செய்த இடத்துக்குக் கடன் வாங்கியவர் தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால் மட்டுமே வீட்டுக்கு வரலாம்.

மீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை, விவரத்துக்கு 14448. தேதியுள்ள நகல் இல்லாமல் போய்த் திரும்புகிறவர்கள்தான் அதிகம். கந்துவட்டி மிரட்டல் என்றால் அது வேறு பாதை: தமிழ்நாட்டின் 2003 கந்துவட்டித் தடைச் சட்டத்தின்படி காவல் நிலையத்தில் புகார், திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு. இலவச சட்ட உதவிக்கு 15100.

வைகைக்கரை:
மிக்க நன்றி. கடன் அறிக்கையை என் போனிலேயே எடுத்துக் கொடுக்கலாமா? நான் செய்யவே கூடாதது என்ன?

கணக்கு_மீனா:
கூடாது. அவர்கள் போனில், அவர்களே ஓடிபி அடிக்கட்டும். யாருக்கு எவ்வளவு கடன் என்று பதிவு வைத்திருக்கும் சிபில், ஹைமார்க் உட்பட நான்கு நிறுவனங்களிடமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். குழுக் கடன்களுக்கு ஹைமார்க்கைக் கண்டிப்பாகப் பாருங்கள்; தன் பெயரில் வேறொருவர் எடுத்த கடன் சில சமயம் அங்கேதான் தெரியவரும்.

பணம் கையில் வாங்காதீர்கள், ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள், ஆதார் நகலை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், எந்த நிறுவனத்தின் சீட்டையும் பாலிசியையும் சிபாரிசு செய்யாதீர்கள். பாஸ்புக்கில் மே, ஜூன் பக்கத்தை மட்டும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பிரதமர் காப்பீட்டுத் திட்டங்களில் சேர்ந்திருந்தால், 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டுக்கும் 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கும் பிடிப்பார்கள். இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால் இரண்டிலும் பிடித்திருக்கலாம், ஆனால் ஒருவருக்கு ஒரு பாலிசிதான் செல்லும். ஒன்றை நிறுத்த எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். மற்றதில் மே கடைசியில் 456 ரூபாய் இருப்பு இருக்கணும்.