போர்த்துகீசியப் படங்கள்: சப்டைட்டில் படித்தால் புரிகிறது, காதில் பிடிபடவில்லை. உதவி வேண்டும்

நீலக்குடை:

வணக்கம். போர்த்துகீசிய மொழியைச் சொந்தமாகப் படித்து வருகிறேன். அடிப்படை இலக்கணம் முடிந்தது. செய்திக் கட்டுரைகளை அகராதி துணையோடு வாசிக்க முடிகிறது. இனி படம் பார்த்துக் காதைப் பழக்கலாம் என்று இறங்கியிருக்கிறேன், அங்கேதான் சிக்கல்.

போர்த்துகீசிய சப்டைட்டில் போட்டால் முக்கால்வாசி வரிகள் புரிகின்றன. எடுத்துவிட்டால் ஆட்களின் பெயரைத் தவிர ஒன்றும் பிடிபடுவதில்லை. திரையில் ஒன்று எழுதியிருக்கிறது, வாயில் வேறு வருகிறது. "வோசே எஸ்தா" என்று வரி ஓடும்போது "செ தா" மாதிரி ஏதோ கேட்கிறது. சில இடங்களில் வார்த்தைகளே வேறு. ஒரு படத்தில் கொஞ்சம் தெளிந்தது போல் இருந்தால், அடுத்த படம் முற்றிலும் வேறு மொழியாக ஒலிக்கிறது.

இதுவரை பார்த்தவை: 'சிட்டி ஆஃப் காட்', ஒரு ஹாலிவுட் படத்தின் போர்த்துகீசிய டப்பிங், போர்ச்சுகலில் எடுத்த ஒரு குடும்பப் படம். இந்தக் கடைசிப் படம் போர்ச்சுகலில் வெளியான டிவிடி. அதற்குத் தனியாக எடுத்த சப்டைட்டில் கோப்பு ஆரம்பத்தில் சரியாக ஓடி, போகப் போகப் பின்தங்குகிறது.

காதில் குறையா, நான் பார்க்கும் முறையில் குறையா? எந்தப் படத்தில் தொடங்கினால் நல்லது?

மூன்றாம்வரிசை:

உங்கள் காதில் ஒரு குறையும் இல்லை. தனித்தனியான சிக்கல்கள் ஒன்றாகச் சேர்ந்து உங்களைக் குழப்புகின்றன.

முதலாவது, இரண்டு நாட்டுப் பேச்சை மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். பிரேசிலில் உயிரெழுத்துகளை வாய் திறந்து சொல்வார்கள். போர்ச்சுகலில் அழுத்தம் விழாத உயிர்களைப் பாதி விழுங்கிவிடுவார்கள். 'டெலிஃபோனி' என்று பிரேசிலில் நிதானமாக வரும் சொல், லிஸ்பனில் 'ட்லிஃபோன்' என்று சுருங்கிவிடும். தமிழ்க் காதுக்கு இது அவ்வளவு அந்நியமும் இல்லை. 'காடு', 'பாட்டு' என்ற சொற்களின் கடைசி உகரம் குறுகி ஒலிக்கிறதல்லவா? அந்தக் குற்றியலுகரத்துக்கு மிக நெருங்கிய ஒலிதான் போர்ச்சுகலில் சொல் இறுதியில் வரும் எகரம். அதைத் தேடிக் கேளுங்கள், பிடிபடும்.

எந்த நாட்டுப் பேச்சு என்று கண்டுபிடிக்க ஒலியைவிடச் சொற்கள் நம்பகமானவை. பேருந்துக்கு 'ஓனிபுஸ்' என்றால் பிரேசில், 'ஔட்டோகாரு' என்றால் போர்ச்சுகல். ரயிலுக்கு முன்னதில் 'ட்ரேங்', பின்னதில் 'கொம்போயு'. செல்பேசி 'செலுலார்' என்றால் பிரேசில், 'டெலிமோவெல்' என்றால் போர்ச்சுகல். சொல் முடிவில் 'ஸ்' வரவேண்டிய இடத்தில் 'ஷ்' கேட்டால் போர்ச்சுகல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரியோ டி ஜெனிரோக்காரர்களும் அப்படித்தான் பேசுவார்கள்.

அடுத்தது டப்பிங். டப்பிங் வசனத்தை உதட்டசைவுக்குப் பொருந்த எழுதுவார்கள். சப்டைட்டிலைப் படிக்க நேரம் போதுமாறு சுருக்கி எழுதுவார்கள். பெரும்பாலும் இரண்டும் வெவ்வேறு கைகள் செய்த தனி மொழிபெயர்ப்புகள். அவை பொருந்தாமல் இருப்பதில் வியப்பே இல்லை. போர்த்துகீசிய மொழியிலேயே எடுத்த படமாக, அதிலும் காது கேளாதவர்களுக்கான சப்டைட்டில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கதவு சத்தம், இசை என்றெல்லாம் குறிப்பு வரும், பரவாயில்லை. பேச்சைச் சுருக்காமல் கொடுப்பது பெரும்பாலும் அதுதான்.

'செ தா' பற்றி: நீங்கள் கேட்டது சரி! அவர் சொன்னதே அதுதான். 'வோசே' பேச்சில் 'செ' ஆகும், 'எஸ்தா' வெறும் 'தா' ஆகும், 'பாரா' என்பது 'ப்ரா', 'நௌங் எ' என்பது 'நே'. 'வாமுஸ் எம்போரா' முழுக்கச் சுருங்கி 'வம்போரா'. எழுத்தில் பெரும்பாலும் முழு வடிவத்தைத்தான் போடுவார்கள். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதியதைப் பார்த்துக்கொண்டே 'வந்துட்டிருக்கேன்' என்பதைக் கேட்கும் ஒருவருடைய நிலையில் இப்போது இருக்கிறீர்கள். இந்தச் சுருக்க வடிவங்கள் நூற்றுக்கணக்கில் இல்லை. அடிக்கடி வருபவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படம் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

உப்புக்காற்று:

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். படத் தேர்வைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

'சிட்டி ஆஃப் காட்' அற்புதமான படம், ஆனால் தொடங்குவதற்கு உகந்ததல்ல. ரியோவின் குடிசைப் பகுதிப் பையன்களின் கொச்சை, வேகம், ஒருவர் பேச்சில் ஒருவர் நுழைவது எல்லாம் சேர்ந்தது. தள்ளி வையுங்கள்.

பிரேசில் என்று முடிவு செய்தால் வால்டர் சாலஸ் எடுத்த 'சென்ட்ரல் ஸ்டேஷன்' (1998) பாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு ரயில் நிலையத்தில் கடிதம் எழுதிக் கொடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை டோரா. ஃபெர்னாண்டா மொன்டெனீக்ரோ நடித்தது. படம் ஆரம்பிக்கும்போதே ஒவ்வொருவராக முகம் நிறையத் திரையில் வந்து தங்கள் கடிதத்தைச் சொல்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒரே குரல், வாய் அசைவு தெளிவாகத் தெரியும், சொல்வதும் வீட்டுச் செய்தி, ஏக்கம், கோபம். கற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கக் காட்சி எனக்குத் தெரியாது. அப்புறம் கதை வடகிழக்குப் பிரேசிலுக்குப் பயணம் போகும், கூடவே பேச்சின் சாயலும் மாறும். அங்கே திணறினால் அது உங்கள் பின்னடைவு அல்ல.

ஆவணப்படம் பிடிக்குமென்றால் எடுவார்டோ கொட்டீன்யோவின் 'எடிஃபீசியோ மாஸ்டர்' (2002). கோபகபானாவில் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் வசிப்பவர்கள் கேமரா முன் உட்கார்ந்து தங்கள் வாழ்க்கையைச் சொல்கிறார்கள். எழுதப்பட்ட வசனம் இல்லை. தயக்கம், பாதியில் நிறுத்துவது, திருத்திச் சொல்வது எல்லாம் அப்படியே இருக்கும்.

போர்ச்சுகல் பேச்சுதான் வேண்டுமென்றால் மிகேல் கோமெஸின் 'தபு' (2012) படத்தின் இரண்டாம் பாதி. பாத்திரங்களின் வசனம் கேட்காது, கதையை ஒரு குரல் சொல்லிக்கொண்டே போகும்.

இரண்டு எச்சரிக்கை. 'ஓ மெனினு இ ஓ முண்டு' (2013) குழந்தைகள் படம் போலிருக்கிறதே, எளிதாக இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அதில் வரும் கொஞ்சப் பேச்சும் போர்த்துகீசியத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது, யாருக்கும் புரியாது. 'அ கையோலா டொராடா' (2013) பாரிசில் வாழும் போர்த்துகீசியக் குடும்பத்தின் கதை, வசனம் பெரும்பாலும் பிரெஞ்சு.

கம்பிவலை:

சப்டைட்டில் பின்தங்குவதற்கு மட்டும் பதில். முதலிலிருந்தே ஒரே அளவு தள்ளியிருந்தால் வேறு கதை. விஎல்சி பிளேயரில் ஜி, எச் விசைகளைத் தட்டி முன்பின் நகர்த்தினால் போதும். உங்களுக்குப் போகப் போகக் கூடுகிறது, அதனால் பிரேம் வேகம் பொருந்தவில்லை என்று தோன்றுகிறது. போர்ச்சுகல் டிவிடிகளில் படம் வினாடிக்கு 25 பிரேம் ஓடும். இணையக் கோப்புகள் பல 23.976 பிரேமுக்கு நேரம் குறிக்கப்பட்டவை. ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பின்தங்கிவிடும். 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருளில் பிரேம் வேகத்தை 23.976இலிருந்து 25க்கு மாற்றிச் சேமியுங்கள், சரியாகிவிடும்.

நீலக்குடை:

கம்பிவலை, மாற்றிப் பார்த்தேன். கடைசிக் காட்சி வரை வரிகள் பிசகவில்லை. மிக்க நன்றி.

பிரேசில் என்று முடிவு செய்து 'சென்ட்ரல் ஸ்டேஷன்' ஆரம்பித்துவிட்டேன். அந்தக் கடிதக் காட்சியில் 'ப்ரா', 'தா' இரண்டும் தனியாகக் காதில் விழுந்தபோது எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா! ஆனால் ஒரு கேள்வி. முழுப் படத்தையும் சப்டைட்டிலோடு பார்த்துவிட்டு மறுபடி இல்லாமல் பார்ப்பதா, காட்சி காட்சியாகப் போவதா?

மூன்றாம்வரிசை:

காட்சி காட்சியாக. இரண்டு மூன்று நிமிடக் காட்சி போதும். முதலில் எழுத்தில்லாமல் கேளுங்கள், யார் யாரிடம் என்ன கேட்கிறார் என்பதை ஊகியுங்கள். பிறகு போர்த்துகீசிய எழுத்தோடு, வரிக்கு வரி நிறுத்தி, எழுதியிருந்தும் காதில் விழாத ஒலி எது என்று பாருங்கள். அந்த இடங்கள்தான் உங்கள் பாடம். அப்புறம் எழுத்தை நீக்கிவிட்டுத் திரும்பக் கேளுங்கள். மறுநாள் படத்தை மூடி ஒலியை மட்டும் ஓட விடுங்கள். எழுத்து திரையில் இருக்கும்வரை கண்தான் வேலை செய்யும், காதுக்கு வேலையே இருக்காது. வேகத்தைக் குறைக்க விரும்பினால் 0.8 வரை போங்கள். அதற்கும் கீழே போனால் சுருக்கச் சொற்கள் இழுபட்டு, நீங்கள் பழக வேண்டிய ஒலியே கெட்டுவிடும்.

உப்புக்காற்று:

இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக்கருத்து. காட்சியைத் துண்டாடுவது பயிற்சிக்குச் சரி. ஆனால் அதே படத்தை ஒரு நாள் நிறுத்தாமல் முழுதாகப் பார்த்துவிடுங்கள், தெரிந்த மொழி சப்டைட்டிலோடு ஆனாலும் சரி. டோராவுக்குத் தன்னோடு பயணம் வரும் பையன் மேல் பாசம் எப்படி வளர்கிறது என்று தெரிந்தால்தான் அவள் குரல் எங்கே இறங்குகிறது என்பது காதில் படும். கதைக்குள் போகாதவருக்கு வசனம் வெறும் ஒலிப்பயிற்சிதான், சீக்கிரம் சலித்துவிடும்.

மூன்றாம்வரிசை:

அதுவும் சரி. முதலில் முழுப் படம், பிறகு துண்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நீலக்குடை:

அப்படியே செய்கிறேன். கடைசியாக ஒன்று. கை என்ற பொருளில் வரும் 'மௌங்', கெட்ட என்ற பொருளில் வரும் 'மௌ' இரண்டும் எனக்கு ஒரே மாதிரி கேட்கின்றன. இதற்கு வழி உண்டா?

மூன்றாம்வரிசை:

உண்டு. நான் 'மௌங்' என்று எழுதுவது வசதிக்காகத்தான், அங்கே 'ங்' தனியாக ஒலிக்காது. 'மரம்', 'அவன்' இரண்டையும் வேகமான பேச்சில் சொல்லிப் பாருங்கள். மகரத்தில் உதடு மூடுவதில்லை, னகரத்தில் நாக்கு மேலே தொடுவதில்லை, உயிரே மூக்கில் ஒலித்து முடிகிறது. போர்த்துகீசிய மூக்கொலி அதே வேலைதான். 'சிம்', 'பொம்' என்று எழுதியிருந்தாலும் கடைசியில் உதடு மூடாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு சொல்லையும் மாறி மாறிச் சொல்லுங்கள். தொடக்க மகரம் இரண்டிலும் அடைபடும், அதை விட்டுவிடுங்கள். அதன்பின் 'மௌ'வின் உயிர் மாறாமல் வரும், மற்றதன் உயிர் அடைபட்டு ஒலிக்கும். உங்கள் வாயில் வித்தியாசம் வந்துவிட்டால் காது தானாகப் பிடித்துக்கொள்ளும். 'நௌங்' என்ற மறுப்புச் சொல் எந்தப் படத்திலும் நிமிடத்துக்கு நிமிடம் வரும், பயிற்சிக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வினைக்கு முன்னால் அது பல நேரம் 'நுங்' என்று குறுகும், அதையும் தாளில் சேர்த்துவிடுங்கள்.